அத்தான் காருக்கு எந்த ஆயில்?

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உன் முழங்காலும் உன் மாடி வீட்டுக்காரியும் முன்பைப்போல உன்னைப் படுத்துவதில்லை என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம், என் வீட்டுக்காரி சௌக்கியம், அத்தான் கார் மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முனகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போனில் நீ, "ஸ்டேஷன்லேருந்து டாக்ஸி பிடிச்சு வந்துடறேன்டா, அந்தக் கிழட்டுக் காரைப் போட்டு வதைக்காதே" என்று சொல்லிவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. அத்தான் போன பிறகு முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வருகிறாய். சாவியை என் கையில் கொடுத்தபோது அவர், "நிக்க விட்டுடாதே, ஓட விடு" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அந்தக் காரில் உன்னை அழைத்து வராமல் டாக்ஸியில் வரவிட்டால் நான் என்ன தம்பி? வியாழக்கிழமை காலை நீ ரயிலைவிட்டு இறங்கும்போது கார் வாசலில் நிற்கும். இது நிச்சயம்.

ஆனால் இந்த வருஷக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை அக்கா. வாளித் தண்ணீர் காலையில் கல்லாகக் கிடக்கிறது. போன வாரம் சாவியைத் திருப்பினேன், எஞ்சின் 'உர்ர்... உர்ர்...' என்று இரண்டு தடவை புரண்டு படுத்துவிட்டு அப்படியே அடங்கிவிட்டது. குளிர்காற்று உள்ளே வருவதால்தான் என்று நினைத்து, கார் ஷெட்டின் ஷட்டருக்கு அடியில் இருக்கும் சந்தில் வீட்டிலுள்ள துண்டுகளையெல்லாம் சுருட்டித் திணித்து அடைத்தேன். அதில் உன் தம்பி பெண்டாட்டியின் புதுத் துண்டுகளும் போய்விட்டன, அதற்கு அவள் தனியாக ஒரு கச்சேரி வைத்தாள், அதை எழுதினால் தாள் போதாது. மறுநாளும் அதே 'உர்ர்'. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கப்பல்காரர் வந்தார். முப்பது வருஷம் கப்பல் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவர். "ஆயில்தான் சார் கோளாறு. பழைய எஞ்சின், உள்ளே எல்லாம் தேஞ்சு லொடலொடன்னு இருக்கும். நல்ல கெட்டி ஆயிலா ஊத்துங்க" என்றார். நம் மெக்கானிக்கிடம் சொன்னால் அவன் போனிலேயே சிரிக்கிறான். "குளிர்ல கெட்டி ஆயில் நகரவே நகராது சார். எஞ்சின் எப்படிச் சுத்தும்? மெலிசா ஊத்துங்க."

இரண்டு பேரும் விவரம் தெரிந்தவர்கள், நான் யாரை நம்புவது? நானே சோதனை செய்து பார்த்துவிடுவது என்று இரண்டு பாட்டிலில் இரண்டு ஆயிலையும் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தேன். காலையில் அவள் ஐஸ் எடுக்கப் போய்விட்டு, "என்னங்க, இந்த வீட்ல நான் இருக்கணுமா, கார் இருக்கணுமா?" என்று கேட்டாள். நான் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன். கெட்டி ஆயில் அசையவே இல்லை, கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்த மாமாவைப்போல. மெலிசு மட்டும் சுறுசுறுப்பாக ஓடியது. ஆகா என்று அன்றைக்கே மெலிசை வாங்கி ஊற்றினேன். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது! நான் குதித்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் ஊற்றியதில் பாதி தரையில் இருக்கிறது. பழைய எஞ்சினில் எங்கெங்கே ஓட்டை உண்டோ அங்கெல்லாம் மெலிசு வழி கண்டுபிடித்துவிட்டது. அவள்தான் சோப்பைக் கரைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தரையைத் தேய்த்து எல்லாவற்றையும் ஷெட் வாசல் பக்கமாகத் தள்ளிக் கழுவிவிட்டாள். தங்கமானவள் அக்கா, வாய்தான் கொஞ்சம் கூட.

நேற்று மெக்கானிக் நேரில் வந்தான். கப்பல்காரரும் வந்தார். இருவரும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று டீ குடிக்கிற நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில், குளிரில் மெலிசாக ஓடி, சூடானதும் ரொம்ப மெலிந்துபோகாமல் தாக்குப்பிடிக்கிற ஒரு ஆயில் இருக்கிறது என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள். எனக்கு அத்தான் ஞாபகம் வந்துவிட்டது. காலையில் எவ்வளவு சாதுவாக எழுந்திருப்பார், அதற்காக அவர் கடையில் கூட்டம் ஏறிய நேரத்தில் யாராவது அவரை இளக்கிவிட முடியுமா? அந்த ஆயிலைத்தான் ஊற்றினோம். இன்று காலை சாவியைத் தொட்டேனோ இல்லையோ, கிளம்பிவிட்டது. தரையில் இரண்டே சொட்டு. அந்த வயசுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அவளிடம் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள்.

ஆகவே டாக்ஸி என்ற பேச்சே வேண்டாம். முன் சீட்டில் கம்பளி விரித்து வைத்திருக்கிறேன். உன்னுடைய ஆசியில் நாங்கள் நன்றாக இருக்கிறோம், அது என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று போனேன். கார் கிளம்பியது. ஷட்டர்தான் கிளம்பவில்லை. அவள் கழுவிவிட்ட தண்ணீரையெல்லாம் நான் திணித்த துண்டுகள் குடித்துவிட்டு, ஷட்டரையும் தரையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உறைந்து கிடக்கின்றன. வெந்நீர் ஊற்றினோம். அதுவும் உறைந்து, பிடி இன்னும் இறுகிவிட்டது. குளிர் அடுத்த வாரம் முழுக்க விடாதாம். நீ டாக்ஸியிலேயே வந்துவிடு அக்கா. நான் நடந்தாவது ஸ்டேஷனுக்கு வந்து உன் பெட்டியைத் தூக்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவு வழியாக ஷெட்டுக்குப் போய், முன் சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காரலாம், டீ அங்கேயே வரும். ஒன்றே ஒன்று, வருகிற வழியில் அந்த டாக்ஸிக்காரர் என்ன ஆயில் ஊற்றுகிறார் என்று மட்டும் கேட்டு வைப்போம்.