இரண்டு விரலா, ஒரு பிக்கா?

நான்காவது தடவையாகப் பாட்டை நிறுத்தினாள் லீடர் அக்கா.

"திருகாணி, எங்கப்பா இருக்கே?"

"இங்கதான்கா."

"நீ இங்க இருக்கே. உன் பேஸ் அடுத்த தெருவுல வந்துக்கிட்டிருக்கு."

திருகாணி தலையைக் குனிந்துகொண்டு, பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுபோல் பாவனை செய்தான். கம்பிகள் சரியாகத்தான் இருந்தன. விரல்கள்தான் ஓடவில்லை.

பகலில் அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எறும்பின் தலையளவு திருகாணிகளைக் கண்ணாடிச் சட்டங்களில் முடுக்குவான். அதனால் வந்த பேர் அது. டயர் கடைக்கு மேலே இருந்த ஒத்திகை அறைக்கு வாரம் இரண்டு நாள் மாலையில் வந்தால்தான் அவன் ஒரு கலைஞன். பன்னிரண்டு வருஷமாக இந்தக் குழுவுக்கு பேஸ் அவன்தான்.

இப்போது அதற்கு ஆபத்து வந்திருந்தது. மண்டபங்களின் மூலையில் வாசித்துக்கொண்டிருந்த குழுவுக்கு முதல் முறையாக இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம் கிடைத்திருந்தது. கடைசிப் பாட்டு ஒரே ஓட்டமாக ஓட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

"ஓடலைன்னா சொல்லிடுப்பா. பேஸை நானே கீபோர்டுல இடது கையால பாத்துக்கறேன்" என்றாள் அக்கா, கோபமே இல்லாமல். கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அறையின் கோடியில் டிரம்ஸுக்குப் பின்னால் பீரங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தச்சன். கைகள் இரண்டும் மேசைக்கால் மாதிரி இருக்கும். அவனும் பன்னிரண்டு வருஷம்தான். ஆனால் இருவரும் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு வாக்கியம் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். பேஸ் வாசிப்பவன் டிரம்ஸின் அடியைக் கேட்டு அதோடு ஒட்டிப் போக வேண்டும் என்பது திருகாணி கற்ற முதல் பாடம். ஒட்டிப் போகத்தான் ஓயாமல் முயன்றான்.

வீட்டில் மனைவி துணி தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, அவர்கிட்டயே கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லலாமே?"

"யார்கிட்ட, பீரங்கிகிட்டயா? என்னால முடியலைன்னு அவன் வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?"

"வாசல்ல நிக்க வேணாம். போன் பண்ணுங்க."

"அதுக்கு நான் கிட்டாரை வித்துட்டுப் புல்லாங்குழல் வாங்கிக்குவேன்" என்று எழுந்து போனான்.

போனவன் ஒரு முடிவோடு திரும்பினான். விரல்களில் தவறு இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கம்பியைக் கிணற்று வாளி இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தன. தடவினால் போதும், சத்தத்துக்குத்தான் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதே. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே உட்கார்ந்து தடவினான். ஒரு வாரத்தில் விரல்கள் ஓடத் தொடங்கின.

அடுத்த ஒத்திகையில், பின்னால் வந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, டிரம்ஸ் அடிக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே வாசித்தான். பீரங்கி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். உடனே அவன் அடி இன்னும் வேகமாக விழுந்தது. திருகாணி பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினான்.

பாட்டின் வேகத்தை அளந்து சொல்ல அக்காவின் போனில் ஒரு வசதி இருந்தது. "போன வாரம் நிமிஷத்துக்கு நூத்தம்பது தட்டு. இன்னைக்கு நூத்தி அறுபத்தஞ்சு! பிரமாதம்பா, விட்டுடாதீங்க!"

திருகாணி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எட்டிப் பிடித்த இடத்தில் ஏணியை எடுத்துவிட்டார்களே!

"வேணும்னே ஏத்துறான்" என்றான் வீட்டில். "எனக்கு ஆப்பு வைக்கத்தான் ஏத்துறான்."

"அவர் முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே."

"முகத்துல வாசிக்கல, கையில வாசிக்கிறான்."

இரண்டு விரல் போதாதென்று மூன்றாவதாக மோதிர விரலையும் வேலைக்குச் சேர்த்தான். புதிதாகச் சேர்ந்த விரல் உற்சாகத்தில் மற்ற இரண்டின் காலையும் வாரியது. நாலாம் நாள் மூன்றிலும் கொப்புளம். கண்ணாடிக் கடையில் அந்த விரல்களோடு திருகாணியைப் பிடித்தால் அது பிடி கொடுக்காமல் துள்ளிக் கீழே விழுந்தது.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "இதோட ஒன்பது ஆச்சு. தரையில விதைச்சா முளைக்காதுப்பா."

அந்த வாரம் வேகம் நூற்று எழுபத்தெட்டு. அக்கா கைதட்டினாள். பீரங்கி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருகாணி விரல்களைக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலில் ஒற்றிக்கொண்டே அவனை முறைத்தான்.

இனி ஒரே வழிதான். பிக்.

பிக் என்பது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் கம்பியை மீட்டும் முக்கோணப் பிளாஸ்டிக் துண்டு. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு என்று மணிக்கட்டை ஆட்டினால் வேகம் தானாக வரும். ஆனால் பிக் வைத்து பேஸ் வாசிப்பவர்களைப் பன்னிரண்டு வருஷமாகத் திருகாணி "சட்டி சுரண்டுறவங்க" என்றுதான் சொல்லிவந்தான். இப்போது யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்து, "என் மச்சானுக்கு" என்று சொல்லி அரை டஜன் வாங்கினான்.

முதல் நாளே பிக் வியர்வையில் வழுக்கிப் பறந்து, அக்காவின் கீபோர்டு கட்டைகளின் இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. ஒரு கட்டை அமுங்கியபடி நின்று, அறை முழுக்க ஒரே சுரத்தில் ஒப்பாரி வைத்தது. அதை எடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

"இனிமே பறக்காதுக்கா" என்று வாக்குக் கொடுத்தான். வாக்கைக் காப்பாற்ற மறுநாள் காலையில் பிக்கின் மேல் ஒரு சொட்டு ஒட்டுப்பசை வைத்துப் பிடித்தான். பிக் அசையவில்லை. பிரமாதமாக வாசித்தான். வாசித்து முடித்த பிறகும் பிக் அசையவில்லை. கட்டைவிரலில் பிக்கோடுதான் வேலைக்குப் போனான்.

முதலில் வந்த அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி காதோரம் இறுகுகிறதாம். திருகாணி குனிந்து சரி செய்தான். கையை எடுக்கப் பார்த்தான். பிக்கின் ஓரத்தில் பசை இன்னும் காயாமல் இருந்திருக்கிறது. கண்ணாடியும் கூடவே வந்தது, அந்த அம்மாவும் கூடவே வந்தார்.

"கொஞ்சம் அசையாம இருங்கம்மா."

"எவ்வளவு நேரம்ப்பா?"

"அது பசையைப் பொறுத்ததும்மா."

லென்ஸ் துடைக்கும் திரவத்தை ஊற்றி முதலாளியே இருவரையும் பிரித்தார். பிக்கும் கழன்றது. "ரெண்டு நாள் லீவு எடுத்துக்க" என்றார். "உனக்கில்ல, கடைக்கு நல்லது."

லீவு கிடைத்தது நல்லதாகப் போயிற்று. பசையை விட்டுவிட்டு, பிக்கை உப்புக் காகிதத்தில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினான். வழுக்கல் நின்றது. இரண்டு பகலும் மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே இருந்தான். வியாழக்கிழமை, கடைசி ஒத்திகையில், வாழ்க்கையில் முதல் முறையாகப் பீரங்கியைத் திணறடித்தான். ஒரு கணம்தான். பீரங்கி உறுமிக்கொண்டு எழுந்து அடித்தான். இவன் ஏற்றினான். அவன் இன்னும் ஏற்றினான். அக்கா வரிகளைப் பாதி விழுங்கிப் பாதி துப்பினாள். நாலு நிமிஷப் பாட்டு இரண்டே முக்கால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"இருநூத்தி எட்டு!" என்று கத்தினாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை கூரை பறக்கப் போகுது!"

திருகாணியின் மணிக்கட்டில் அப்போதே சுளீரென்று ஏதோ இழுத்துவிட்டது. சிரித்துச் சமாளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கையால் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. மணிக்கட்டு வீங்கி வளையல் போட இடமில்லாத அளவுக்கு இருந்தது. விரலும் போயிற்று, பிக்கும் போயிற்று.

மனைவி போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இப்பவாவது ஒரு வார்த்தை பேசுங்க. மெதுவா வாசிங்கன்னு சொன்னா அவர் என்ன கடிச்சா தின்னுடுவார்?"

"கடைசியில என்கிட்ட வந்துட்டே பாத்தியான்னு மனசுக்குள்ள சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் பாக்க மாட்டேன்."

போனை எடுத்தான். இடது கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அக்காவுக்குச் செய்தி அனுப்பினான்: 'அக்கா, என்னால் முடியவில்லை. குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன். பேஸை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.' அனுப்பிவிட்டு போனை அணைத்தான். பன்னிரண்டு வருஷம் மேடையில் அவனை யாரும் கவனித்ததில்லை. ஆனாலும் மேடையில்தானே நின்றான்! இனிமேல் அவன் வெறும் திருகாணி.

மனைவியே கையைப் பிடித்து அழைத்துப் போய் எலும்பு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் உட்கார வைத்துவிட்டு, சீட்டுப் பதியப் போனாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் அவன் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எப்படி சார் ஆச்சு?"

"பேஸ் கிட்டார் வாசிச்சேன்மா. விரலால முடியலைன்னு பிக்குக்கு மாறினேன். டிரம்ஸ்காரன் இழுத்த இழுப்புக்கு ஓடி ஓடி இப்படி ஆயிடுச்சு. இனிமே வாசிக்கப் போறதில்ல."

அவள் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சார் ஊரு இது? காலையில முதல் ஆளா ஒரு டிரம்ஸ்காரர் வந்து, ரெண்டு கையும் வீங்கி, இதே நாற்காலியில உக்காந்து அழுதுட்டுப் போனாரு. பேஸ் வாசிக்கிறவன் தன்னைத் துரத்தணும்னே வாராவாரம் வேகத்தை ஏத்துறானாம், ஈடுகொடுக்க முடியாம இன்னைக்குக் குழுவை விட்டே விலகிட்டாராம்!"