முத்தரப்புப் பேச்சுவார்த்தையும் ஒரு பி.பி. மாத்திரையும்

எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் சரி, பேர் தெரியாத மாத்திரை என் தொண்டைக்குள் இறங்காது. சமையற்கட்டு வாசலில் நின்று இதைச் சத்தமாகவே சொன்னேன்.

காரணம், அலமாரியில் கிடந்த ஒரு அட்டை. என் பி.பி. மாத்திரைக்கு ஊரறிந்த கம்பெனிப் பேர் உண்டு. இந்த அட்டையில் மருந்தின் பேர் மட்டும், மொட்டையாக.

"என்னடி இது?"

"மாத்திரை. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான், விலைதான் பாதிகூட இல்லை. டாக்டரையும் கேட்டுட்டேன்."

"என்னைக் கேட்டியா?"

"நீங்க டாக்டரா?"

என் பெண்டாட்டி பொன்னுத்தாய் எப்பவும் இப்படித்தான். கூலிநெல்லுக்காகத் திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் கிடந்தவன் நான். பண்ணையார், தாசில்தார், சங்கம் என்று முத்தரப்புப் பேச்சுவார்த்தையில் மேஜையைத் தட்டியவன். என் வாய்க்குள் போகிற மாத்திரையை என்னைக் கேக்காமல் மாத்துவதா? நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"கம்பெனி மாத்திரை வர்ற வரைக்கும் எந்த மாத்திரையும் போட மாட்டேன்."

"பி.பி. ஏறி விழுந்தீங்கன்னா?"

"விழுந்தா விழறேன். பணிய மாட்டேன்."

அவள் முகம் மாறியது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"சரி, பேசித் தீத்துக்கலாம்."

"முத்தரப்பு வேணும்."

"மூணாவது ஆளுக்கு எங்க போறது?"

வீடு வீடாக பி.பி. பாக்க வரும் வள்ளியம்மை அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள். பிடித்து உட்கார வைத்தோம். அவள் என் கையில் பட்டையைச் சுத்திப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு மாமா. ஆறு மாசமா ஏறவே இல்ல."

"பாத்தியா, கம்பெனி மாத்திரையோட மகிமையை" என்றேன் பொன்னுத்தாயிடம்.

"அப்ப இதுவரைக்கும் போட்ட மாத்திரை நல்லா கேக்குதுன்னு ஒத்துக்கிறீங்க?"

"தாராளமா."

"அதையே கடைசி வரைக்கும் போடுவீங்க?"

"என் ஒரே கோரிக்கையே அதுதான். இதுவரைக்கும் போட்டதுதான் இனியும். எவ வந்து சொன்னாலும் மாத்த விடமாட்டேன்."

"வள்ளியம்மை, நீதான் சாட்சி. கோரிக்கையை நான் ஒத்துக்கிட்டேன்."

பண்ணையாரே நாள்கணக்கில் இழுத்தடித்த இடத்தில் இவள் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தது எனக்கே ஆச்சரியம். சந்தோஷத்தில் வள்ளியம்மைக்கு டீ போடச் சொன்னேன்.

டீயோடு எனக்குத் தண்ணீரும் வந்தது. பொன்னுத்தாய் அந்த மொட்டை அட்டையை எடுத்து, என் கண்ணெதிரே ஒரு மாத்திரையை உரித்தாள்.

"ஏய், ஒப்பந்தம் என்ன ஆச்சு?"

"ஒப்பந்தப்படிதான். தை மாசத்துலேருந்து, இந்த ஆறு மாசமா நீங்க போடுறது இதுதான். தினம் நான் உரிச்சு உள்ளங்கையில வெச்சுக் குடுக்கறேன், வாயில போட்டுக்கறீங்க. அட்டையை என்னிக்குப் பாத்தீங்க? இன்னிக்கு எடுத்து ஒளிக்க மறந்துட்டேன்."

வள்ளியம்மையைப் பார்த்தேன். அவள் டீயை ஊதிக்கொண்டே, "நான் சாட்சி மாமா" என்றாள்.

கோரிக்கை முழுசாக வென்றுவிட்டது. வாயைத் திறந்தேன்.