உஸ்ஸு பாயும் பலாப் பிசினும்

நெய்வேலி நகரியத்தில் ஒரு தெருவையே ஒற்றை விரலால் ஊமையாக்கக்கூடியவர் யார் என்று கேட்டால், எந்த பிளாக்கிலும் ஒரே பதில்தான் வரும்: உஸ்ஸு பாய்! நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பழுது பார்ப்பவர். வண்டியைப் பார்க்கமாட்டார், கேட்பார். பானெட்டைத் திறந்ததும் விரலை உதட்டில் வைத்து "உஸ்ஸ்!" என்பார். அப்புறம் காக்காய்கூடக் கத்தக்கூடாது.

எனக்கு அவர் தேவைப்பட்டது போன வருஷம், நான் ரிட்டயர் ஆனபோது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கொடுத்த கெடுவில் மிச்சம் நான்கே நாள். சாமான்கள் லாரியில் ஏறிவிடும். அப்பா ஓட்டிய, என்னைவிட ஒரு வயது மூத்த கார் மட்டும் ஷெட்டை விட்டு அசைய மறுத்தது. கிளப்பினால் உறுமும், இருமும், படுத்துவிடும்.

"தானா ஓடுனா நம்மகூட வரட்டும். இல்லன்னா பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்" என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அதற்குள் மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பெட்ரோலைத் திட்டினார். இன்னொருவர் பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டைக் கழற்றி ஊதினார். மூன்றாமவர் எல்லா ஸ்க்ரூவையும் திருகிவிட்டு, "பேட்டரி வண்டி வாங்கிடுங்க சார்" என்று போய்விட்டார்.

நான்காவதாக வந்தார் பாய், சைக்கிளில், கழுத்தில் ரப்பர் குழாயோடு. பானெட்டைத் திறந்து, என்னை வண்டியைக் கிளப்பி இருமவிடச் சொன்னார். "உஸ்ஸ்!" எதிர்வீட்டு டிவி நின்றது. மாடிவீட்டுக் குக்கர் அடுப்பிலிருந்து இறங்கியது. எங்கள் வீட்டு மிக்சி மட்டும் சட்னி அரைத்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, மிக்சிய நிறுத்தும்மா! வண்டி பேசிகினு இருக்குது!"

"பைத்தியமாங்க இந்த ஆளு?" என்று என் காதைக் கடித்தாள் மனைவி. ஆனாலும் நிறுத்தினாள்.

அந்த நேரம் பார்த்து ஷிப்ட் சங்கு ஊதியது. பாய் சுரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து விரலைக் காட்டினார். சங்கு நின்றது! அது தானாக நிற்கிற நேரம்தான். ஆனால் தெருவே வாயைப் பிளந்தது.

குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் அருகில். "திருட்டுக் காத்து உள்ள போவுது சார். ஆக்சிலேட்டர மிதிச்சா சுத்துற கம்பி தேஞ்சி, அது நுழையிற ஓட்டை பெருசாயிடுச்சி. பெட்ரோல் என்னா பண்ணும், பாவம்?"

"எப்படி நம்புறது பாய்?"

அன்று வீட்டில் பண்ருட்டிப் பலா அறுத்திருந்தோம். பாய் அதன் தோலிலிருந்து பிசினை வழித்து உருட்டி, கம்பியின் இரு பக்கச் சந்திலும் அப்பினார். இருமல் நின்றது! கார் சீராக ஓடியது! அறுபது வயதில் நான் துள்ளிக் குதித்தேன்.

"இப்படியே கடலூருக்கு ஓட்டிட்டுப் போயிடலாமே பாய்!"

"இது டெஸ்ட்டுங்க, வைத்தியம் இல்ல. பிசின்ல கம்பி ஒட்டிகினா ஆக்சிலேட்டர் திரும்பாது, வண்டிய கடலூர் கடல்லதான் நிறுத்தணும்."

மூன்று நாள் கார்புரேட்டரும் அவரும் வேறு உலகத்தில் இருந்தார்கள். ஓட்டைக்குள் செருகப் பித்தளையில் புஷ் என்ற சிறு குழாய் கடைந்து, புதுக் கம்பி கோத்து, ஜெட்டெல்லாம் கழுவி மாட்டினார். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கும் காலையில் கார் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது! அப்பாவின் வண்டி என்னோடு வருகிறது! இறங்கிப்போய் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாய், உங்களுக்கு நான் எப்படி..."

"உஸ்ஸ்!" என்றார். காது பானெட் பக்கம் இருந்தது, கண் கலங்கியிருந்தது.

இப்போது கடலூரில் இருக்கிறோம். அந்த மனிதரை நினைக்காமல் ஒருநாளும் நான் வண்டி எடுத்ததில்லை. நான் சாவியைத் திருப்பும்போது, யாரும் சொல்லாமலே, என் மனைவி மிக்சியை நிறுத்திவிடுகிறாள்.