மாப்பிள்ளை விட்டுப்போன ஆறு சிலிண்டர்

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். அங்கே உங்கள் நலத்தையும் எங்கள் மகள் பாப்பாவின் நலத்தையும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ஏனென்றால் அந்தக் கார் உங்களிடம் இல்லை, எங்களிடம் இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனை எடுத்தாலே உங்கள் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளை வைத்துக்கொண்டு அவள்மேலேயே புகார் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. காலமெல்லாம் நீதிமன்றத்தில் அடுத்தவர் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவன், இன்று என்னுடையதை நானே எழுதுகிறேன். பொறுமையாகப் படித்து, கடைசியில் கோரியிருக்கும் நிவாரணத்தை மறுக்காமல் வழங்க வேண்டும்.

நீங்கள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று மேற்படி வாகனத்தை எங்கள் வீட்டு ஷெட்டில் விட்டு, உறை போர்த்தி, அதன் கூரையைத் தடவிக்கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க மாமா, அது போதும்" என்றீர்கள். விமான நிலையத்தில் எங்களிடம் விடைபெறும்போது கலங்காத உங்கள் கண் அந்த ஷெட்டில் கலங்கியதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எப்படி முடியாது என்பது? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பாப்பா உங்களோடு விமானம் ஏறிப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சே நின்றுபோனது உங்களுக்குத் தெரியாது. உங்கள் அத்தை "சாப்பாடு வச்சிருக்கேன்" என்பாள், "கதவைச் சாத்திடுங்க" என்பாள், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பாப்பாவின் அறையில், உறை மாற்றாத தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்தால், சுவரில் ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்பதுபோல் என்னைப் பார்ப்பாள். இந்த நிலைமையில்தான் நான் சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தனியாகப் போகப் பயமாக இருந்ததால் அவளையும் கூப்பிட்டேன்.

பொத்தானை அழுத்தினேன், ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அழுத்தினேன், அதிலும் சத்தம் இல்லை. இப்படியே அழுத்தி அழுத்தி விரல் வலித்துப்போய், உங்கள் வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்ற அத்தைதான், "என்னங்க, புகைக்குழாயில கையை வச்சா சூடா காத்து வருது, அப்புறம் நிக்குது, அப்புறம் வருது. அணைச்சு அணைச்சா விளையாடுறீங்க?" என்றாள். ஓடுகிற இஞ்சினை நானே அணைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடுவதே தெரியாத ஒரு இஞ்சினை எதற்காக ஐயா உலகத்தில் ஒருவன் செய்ய வேண்டும்?

அப்படியும் வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்தேன். ஒருநாள் பேட்டரி செத்துப்போனது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் உறையை விலக்கியதும் வண்டியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பானெட்டைத் திறந்தவர் வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. "ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில நிக்குது பாருங்க சார். ஒண்ணு மேல போறப்ப இன்னொண்ணு கீழ வரும். ஒண்ணு குலுக்குறத இன்னொண்ணு அடக்கிடும்" என்றார். எங்கள் குடும்பத்தில் ஆறு பேர் ஒரே வரிசையில் நின்று நான் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. நிரூபிக்கிறேன் என்று இஞ்சின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஸ்டார்ட் செய்தார். டம்ளர் ஆடவில்லை, அந்தத் தண்ணீரை நான்தான் எடுத்துக் குடித்தேன். பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார்: "நின்ன இடத்துலயே ஓட்டினா இதுக்கு ஆகாது சார். எண்ணெய் நல்லா சூடேறணும். கடைக்குப் போய்ட்டு வர்ற வண்டி இல்ல இது, தூரம் போறதுக்குன்னே செஞ்சது. வாரா வாரம் நெடுஞ்சாலைக்குக் கொண்டு போங்க."

நான் நெடுஞ்சாலைக்குப் போகிற ஆளா? எங்களுக்குத் தூரத்தில் யார் இருக்கிறார்கள்? போகிற இடமே இல்லாமல் தூரமாகப் போ என்றால் என்ன செய்வது? ஆனாலும் நீங்கள் நம்பி ஒப்படைத்த பொருள் ஆயிற்றே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். இரண்டே கதவுள்ள வண்டி, ஷெட் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அந்த நீளக் கதவு பாதிதான் திறக்கிறது. எனவே நான் பக்கவாட்டில் நண்டு மாதிரி நுழைந்தேன். உங்கள் அத்தை முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஸீட் அவ்வளவு தாழ்வு, எதிரில் வருகிற சைக்கிள்காரரின் முழங்காலோடுதான் நமக்குப் பழக்கம் ஏற்படுகிறது. பானெட்டோ அவ்வளவு நீளம், அது கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய் நாலு பேர் பார்த்துத் திட்டிய பிறகுதான் நாம் போய்ச் சேருகிறோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு உராய, நான் என் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு பால் டேங்கர் போய்க்கொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே பதவிசாகப் போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். சரி, முந்திவிடலாம் என்று ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். மாப்பிள்ளை, நான் ஒரு பிடி கேட்டேன், அது மூட்டையாகக் கொட்டியது. வண்டி ஒரு கணம் யோசித்தது, இரண்டு கியர் இறங்கியது, அதுவரை வாயே திறக்காத இஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது. யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஸீட்டோடு ஒட்டிப்போனேன். டேங்கர் எங்கே போனது என்றே தெரியவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. உயிர் போயிற்று என்று ஓரமாக நிறுத்தினேன். அப்போது உங்கள் அத்தை, மாதக்கணக்கில் சோற்றையும் கதவையும் அந்தப் புகைக்குழாயையும் தவிர வேறு பேச்சில்லாத உங்கள் அத்தை, என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை பண்ணுங்க" என்றாள்.

அன்றிலிருந்துதான் எனக்குச் சனி பிடித்தது.

அடுத்தது சகலை விவகாரம். அவருக்குக் கண் பரிசோதனை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். "நம்ம வண்டியிலேயே போயிடலாமே" என்று அத்தை சொல்லிவிட்டாள். பின் ஸீட் என்று ஒன்றை வைத்திருக்கிறார்களே, அது யாருக்காக? கைப்பையை உட்கார வைக்கலாம், குடையைப் படுக்க வைக்கலாம். சகலையின் உடம்புதான் உங்களுக்குத் தெரியுமே. நான் முன் ஸீட்டைச் சாய்க்க, அத்தை அவரை மடிக்க, எப்படியோ உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் வெளியே வர முடியவில்லை. "அண்ணே, இந்தக் கால் என்னோடதுதானா?" என்று பரிதாபமாகக் கேட்டார். நான் ஒரு கையைப் பிடித்து இழுக்க, அவர் ஐயோ அம்மா என்று அலற, விபத்து கேஸ் என்று நினைத்து ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் ஓடிவந்து, அவரை உருவி எடுத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள். "எனக்குக் கண்ணாடிக்கு நம்பர் பாக்கணும், கண்ணாடிக்கு!" என்று அவர் கத்தியதைத் தலையில் அடிபட்ட பிதற்றல் என்று குறித்துக்கொண்டார்களாம். அன்றிலிருந்து சகலை வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை. நான் போன் செய்தால், எடுத்து, மூச்சு விட்டுக் காட்டிவிட்டு வைத்துவிடுகிறார்.

பிறகு மழை. பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளுகின்றன என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரவுண்டானாவில் திரும்பும்போது காலில் சற்று அழுத்தம் கூடிவிட்டது. வண்டியின் பின்பாகத்துக்கு முன்பாகத்தை நேரில் பார்க்க ஆசை வந்து, அப்படியே சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. ஒருவர்மேலும் படவில்லை. வந்த வழியைப் பார்த்து நின்றிருந்தோம். வீட்டுக்குத்தான் வழிகாட்டுகிறது என்று நினைத்து மறுபேச்சில்லாமல் திரும்பிவிட்டேன். அத்தையோ, "திரும்பறப்ப கால எடுத்திருக்கணும். நேரானதும் மெதுவா கொடுக்கணும்" என்றாள். இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன்.

பதில் அடுத்த வாரம் எங்கள் தெருவிலேயே வந்தது. நூலகத்துக்குப் போகிறேன் என்று தினமும் சொல்லிவிட்டுப் போனவள், டிரைவிங் ஸ்கூல் பலகை மாட்டிய காரை ஓட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் கையில் காய்கறிப் பையோடு நடைபாதையில் நிற்கிறேன். அவள் ஹாரன்கூட அடிக்கவில்லை, முறையாக சிக்னல் போட்டுத் திரும்பினாள்.

இப்போது லைசென்ஸும் வாங்கிவிட்டாள். மாப்பிள்ளை, என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறேன். கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் ஸ்டீயரிங் விறைக்கிறது, சத்தம் தடிக்கிறது, சாதுவாக இருந்த வண்டிக்குச் சாமி வந்துவிடுகிறது. அது எதற்கு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மெக்கானிக் இப்போது என்னிடம் பேசுவதே இல்லை. "மேடம், டயர் எப்படித் தேயுது?" என்று அவளைத்தான் கேட்கிறார். மாடிவீட்டுப் பல் டாக்டர் நேற்று, "சார், நீங்க ஓட்ட மாட்டீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் பல் பிடுங்கியபோதுகூட எனக்கு இப்படி வலித்ததில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். பாப்பாவின் அறைக்கதவு இப்போது பகலில் சாத்தியே கிடக்கிறது. அத்தை வளவளவென்று பேசுகிறாள். ஆனால் எல்லாம் கியரைப் பற்றி. பேசாத மனைவியை நினைத்துக் கலங்கியவன், இப்போது அவள் பேசப் பேசக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். என்றைக்காவது அந்த வண்டி அவளைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது மோதிவிட்டால், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சமையல்கட்டில் அவள் ஒரு தட்டைக் கீழே போட்டால்கூட எனக்கு இப்போது டயர் கிறீச்சிடுவதாகத்தான் கேட்கிறது.

ஆகவே, தயைகூர்ந்து மேற்படி வாகனத்தை உடனே எடுத்துப்போக உங்கள் நண்பர் யாரையாவது அனுப்பி வைக்கவும். விற்றாலும் சரி, யாருக்காவது கொடுத்தாலும் சரி. அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து வந்தால் சாவியை நானே ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுகிறேன். பாப்பாவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், நான்கு கதவுள்ள வண்டியோடும், எல்லா நலமும் பெற்று வாழ வேண்டுமென்று மனமார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நேற்றுக் காலை அத்தையோடு கிளம்பினேன். தபால்பெட்டியைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்த ஊரில் போட்டால் போகாதா என்றாள். அடுத்த ஊரையும் தாண்டினாள். மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, "எனக்குக் கை அசந்துபோச்சு, நீங்க ஓட்டுங்க" என்று இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். அவள் சொன்னபடி வளைவுக்கு முன்னால் காலை எடுத்து, பாதி திரும்பியதும் மெதுவாகக் கொடுத்தேன். அவ்வளவு கனமான வண்டி, மாப்பிள்ளை, ஒரு கயிற்றைச் சுண்டி இழுத்த மாதிரி வளைந்து, நிமிர்ந்து, அடுத்த வளைவுக்குத் தயாராக நின்றது. அடுத்ததையும் ஓட்டினேன். மலை முடிந்துவிட்டது. கீழே இறங்கி மறுபடி ஏறினோம். இப்போது மலைமேல் ஒரு விடுதியில் இருந்து எழுதுகிறேன். சகலையிடம் போனில் மன்னிப்புக் கேட்டாயிற்று, இனி எங்கே போனாலும் அவருக்கு மட்டும் தனியாக டாக்ஸி. நீங்கள் ஆள் அனுப்பினால் வீடு பூட்டியிருக்கும், வீண் அலைச்சல். உங்கள் வேலை ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகப் பாப்பா போனில் சொன்னாள், தாராளமாக நீட்டிக்கவும். ஒரே ஒரு மனத்தாங்கல்தான். ஷெட்டில் நின்று அத்தனை நேரம் பேசினீர்களே, இந்த வளைவைப் பற்றி ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?