தியாஞ்சனேயின் நாற்காலியில் உட்கார்ந்த மாமனுக்கு

அன்பு மகன் கெஃபாசிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், ஆடு மட்டும் இருமுகிறது. நீயும் நலமென்று கேள்விப்பட்டேன். நலமாயிருக்க உனக்கு என்ன உரிமை என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு வெல்டிங் கற்றுத்தருகிறோம், குடும்ப ஆதரவு உள்ளவர்களுக்கே முதலிடம் என்று பயிற்சிக்கூடத்தார் சொன்னதும், உன் அக்கா மகள் தியாஞ்சனேக்கு ஆதரவு காட்ட இருபத்து மூன்று பேர், இரண்டு கோழி, ஒரு பூசணிக்காயோடு புகையிலை லாரியில் ஏறிப் போனோம். அங்கே ஒரே நாற்காலி. பெண் விஷயத்தில் தாய்மாமன்தான் பேசவேண்டும், பெண் பாயில் தலைகுனிந்து இருக்கவேண்டும் என்பதால் நீ உட்கார்ந்தாய். அதுவரை சரி. "வெல்டிங் ஏன் கத்துக்கணும்?" என்று நேர்காணல் நடத்திய அம்மாள் கேட்டதற்கு, "சின்ன வயசிலேருந்தே நெருப்புன்னா பயமில்லீங்க" என்றாய். அதுவும் சரி. "கல்யாணம் ஆச்சா?" என்றதும், "ஆச்சுங்கம்மா, நாலு புள்ளைங்க" என்றாயே, யாருக்கடா நாலு பிள்ளை? பெயர் கேட்டதற்கு உன் பெயர். வயதுக்கு, "நாப்பத்தொம்பது." இருபத்தைந்துக்கு மேல் எழுதக்கூடாதென்று அந்த அம்மாள் பத்தொன்பது என்று போட்டு, உன்னையே சேர்த்துக்கொண்டாள். பிள்ளை பாயிலிருந்து உன் கால்சட்டையை இழுத்து "மாமா, மாமா" என்கிறாள், நீயோ, "சும்மா இரு புள்ள, மாமா பேசிக்கிட்டிருக்கேன்ல!" நான் குறுக்கே பேசியது நான்கே தடவை. அதனால்தான் கெட்டது என்று உன் பெண்டாட்டி சொல்லித் திரிகிறாள், அவளுக்குத் தனிக் கடிதம் வரும்.

இப்போது மூன்று வாரமாகப் பயிற்சிக்கூட விடுதியில் தியாஞ்சனேக்கு வரவேண்டிய கட்டிலில் படுத்து, அவள் பங்குச் சோளக்களியைத் தின்று, இளைஞர் கால்பந்துக் குழுவுக்குத் தலைவனாகவும் ஆகிவிட்டாயாம். "கத்துக்கிட்டு வந்து அவளுக்குச் சொல்லித்தரேன்" என்று செய்தி வேறு. ஏழு வயதில் அப்பாவுக்கு வைத்திருந்த கோழி இரைப்பையைத் தின்றுவிட்டு, "ருசி எப்படின்னு அப்பாகிட்ட சொல்றேன்" என்றவன்தானே நீ! பிள்ளை இங்கே ஊரிலுள்ள உடைந்த மண்வெட்டிகளையெல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறாள். இந்த மாதத்தோடு சேர்க்கையை மூடிவிடுவார்களாம். எழுந்து வா. அவள் வாயில் நாக்கு இல்லையா, அவளையே பேச விட்டிருக்கக்கூடாதா?

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், அந்த நாற்காலியை விட்டு நீ எழுந்த பிறகு.

உன் அம்மா

பி.கு.: வராதே, அங்கேயே இரு. பயிற்சிக்கூடத்திலிருந்து இப்போதுதான் கடிதம் வந்தது. தப்பு தெரிந்துவிட்டதாம், அவளை மறுபடி நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் அவளே வாசித்துச் சொன்னாள்: வியாழக்கிழமை. முப்பத்தொரு பேர் வருகிறோம், பாய் போட்டு வை. இந்த முறை அவளுக்காக நான் பேசுகிறேன்.

மாமா, பாட்டி இதைத் தபாலில் போடச் சொன்னார். நேர்காணல் புதன்கிழமை. நான் தனியாக வருகிறேன். வாசலில் நின்று உங்கள் வெல்டிங் கையுறையை மட்டும் கொடுங்கள். ஒன்றும் பேசவேண்டாம். தியாஞ்சனே.