சௌந்தரத்தின் படகுக்கு அடிப்பூச்சு

"தார் இன்னும் காயலீங்க," என்றாள் சௌந்தரநாயகி. அவளுடைய சேலை முந்தானை, கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கணவர், ரைஸ் மில் பிட்டர் பஞ்சநாதன், இழுத்துப் பார்த்தார். படகு அசைந்ததே தவிர முந்தானை வரவில்லை. கடைசியில் கத்தரிக்கோலைத்தான் தேட வேண்டியிருந்தது.

"விடுங்க. முந்தானை கொஞ்சம் நீளமாத்தான் இருந்துச்சு."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. வெட்டாற்றுக்கு அக்கரையில் அவளுக்கு டீச்சர் வேலை. பாலத்தைச் சுற்றி நடந்து போக நாலு மைல், வர நாலு மைல். சாயங்காலம் வீங்கிப்போகும் முழங்காலுக்குப் பஞ்சநாதன்தான் தைலம் தேய்ப்பார். உள்ளூர்ப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷமாக மனுப் போட்டும் பதிலில்லை. அதனால்தான் மில்லில் கழித்துப்போட்ட பலகைகளைக் கொண்டு அவரே படகு செய்தார். நேராகப் போனால் ஐந்து நிமிஷம். தண்ணீர் உள்ளே வராமல் அடியில் ஒரு பூச்சு, அது மட்டும்தான் பாக்கி.

பெயின்ட் கடை ஜெக்கரியா சிரித்தார். "ரோட்டுக்குப் போடுற தாரைப் போய் பூசுனீங்களா? அடியில மட்டும் சுரண்டிட்டு ரெட் ஆக்சைடு அடிங்க. கெட்டியா நிக்கும்."

நின்றது. பக்கங்களில் கருப்பு, அடியில் சிவப்பு. மறுநாள் காலை ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் உத்திராபதி நாலு பேரோடு வந்து நின்றார்.

"என்ன பிட்டரே, எங்க கொடியைத் தலைகீழா வெச்சிருக்கீங்க? கருப்புல்ல மேல வரணும்?"

"படகையே கவுத்துப் போட்டிருக்கேங்க. தண்ணியில விட்டா சரியாயிடும்."

உத்திராபதி குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஆமா! அப்ப மந்திரி வந்து தொடங்கி வைக்கட்டும். அதுவரைக்கும் எறக்கிடாதீங்க."

"எப்பங்க வருவாரு?"

"எலெக்‌ஷனுக்கு முன்னால வந்துடுவாரு."

சௌந்தரத்தின் முழங்கால் எலெக்‌ஷன் வரைக்கும் தாங்காது. பஞ்சநாதன் அன்றே கருப்பின் மேலும் சிவப்பை அடித்து மறைத்தார். குறுவை அறுப்புக் கூலிக்காக ஊரே இரண்டாகப் பிரிந்து நின்ற நேரம் அது. மத்தியானம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வந்து, "வாங்க தோழர்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் மில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அறுப்புக்கு ஆள் வராமல் கொதித்துக்கொண்டிருந்த மிராசுதாரும் அவர்தான்.

"சங்கத்துல சேந்துட்டியாமே?"

"ஐயோ, அது துரு பிடிக்காம அடிக்கிற பெயின்ட்டுங்க!"

"அப்ப சுரண்டிட்டு வேலைக்கு வா. இல்லேன்னா அந்தப் படகை ஓட்டியே பொழச்சுக்க."

இரண்டு நாள் சுரண்டினார். கை கொப்புளமானதும் மறுபடி ஜெக்கரியாவிடம் போனார். "கலரே இல்லாம ஏதாச்சும் குடுங்க பாய்."

"அப்ப மீன் எண்ணெய்தான். தரங்கம்பாடியில படகுக்கு அதைத்தான் பூசுறாங்க."

எந்தக் கட்சிக்காரரும் அதன்பிறகு கிட்டே வரவில்லை. தெருப் பூனைகள் எல்லாம் வந்தன. வீட்டில் தயிர்ச்சாதம்கூட மீனாக மணத்தது.

"நாத்தம் தாங்கலியா சௌந்தரம்?"

"பழகிடும்ங்க. இன்னொரு கை நல்லாப் பூசுங்க. ரொம்ப நாள் ஓட்டணுமில்ல?"

திங்கட்கிழமை காலை அவள் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி உட்கார்ந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. நடு ஆற்றில் கையை நீருக்குள் விட்டு, கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தாள். பஞ்சநாதனுக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

அவளை இறக்கிவிட்டு அவர் திரும்பியபோது, இக்கரையில் தபால்காரர் கலந்தர் சைக்கிளோடு நின்றிருந்தார்.

"பாத்தீங்களா கலந்தர் பாய்? மூணு வருஷமா ஒரு மாத்தல் குடுக்க மாட்டேன்னாங்க. இனிமே எவன் தயவும் வேண்டாம்!"

கலந்தர் அக்கரையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"டீச்சரம்மா சொல்லவே இல்லீங்களா? மாத்தல் ஆர்டர் வந்து பதினஞ்சு நாளாச்சு. 'வீட்டுக்காரர் எனக்காகப் படகு செய்யறார், மாத்தல் வேண்டாம்'னு என் சைக்கிள் சீட்டுல வெச்சுத்தானே பதில் எழுதிக் குடுத்தாங்க!"