கட்டிலுக்கடியில் ஒரு கொலைகாரன்

காஞ்சிபுரத்தில் மனிதனைத் தூங்கவிடாதவர்களுக்கு ஒரு போட்டி வைத்தால், வைகாசி கருட சேவை அதிர்வேட்டுக்கே இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு என் அறைத்தோழன் பூதக்கண்ணாடிக்கு.

எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடி அறையில் இரண்டு பேரும் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட வாத்தியார். அவன் பட்டுக்கடையில் புடவைகளைப் பரிசோதிக்கிறவன். இழை எண்ணுகிற பூதக்கண்ணாடியை ஒரு பழைய கேமராவின் மூக்கில் நூலால் கட்டி, பூச்சிகளைக் கிட்டத்தில் படம் எடுப்பான். பெயர் அப்படி வந்ததுதான். நிஜப் பெயர் அவனுக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

எங்கள் அறையில் மூட்டைப்பூச்சி. கொஞ்சநஞ்சமல்ல. ராத்திரியெல்லாம் சொறிந்துவிட்டு, பகலில் பிள்ளைகள் முன்னால் தூங்கி வழிவேன். "மருந்து அடிச்சித் தொலைப்போம்பா" என்றால் அலறுவான்.

"ஐயய்யோ, கொலைகாரன் செத்துடுவான்பா!"

கொலைகாரன் என்பது அவன் கட்டிலுக்கடியில் குடியிருந்த ஒரு பூச்சி. உடம்பெல்லாம் தூசியை அப்பிக்கொண்டு குப்பையோடு குப்பையாக உட்கார்ந்திருக்கும். மூட்டைப்பூச்சி பக்கத்தில் வந்தால் ஊசி மூக்கால் ஒரே குத்து. உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தள்ளிவிடும். எங்கள் அறை ஜனத்தொகைக்கு அது எந்த மூலைக்கு? அதற்காக அறையைக் கூட்டவும் விடமாட்டான்.

ஒருநாள் வாயெல்லாம் பல்லாக நின்றான். "தீனி எடுக்க மாட்டேங்குதுப்பா. கடைசிச் சட்டைய உரிக்கப் போவுது. உள்ளருந்து செக்கச் செவேல்னு ரெக்கையோட வரும். அத்த மட்டும் ஒரு படம் புடிச்சிட்டன்னா போதும், இந்த ஜென்மத்துக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சொல்லி வாய் மூடவில்லை, லாட்ஜ்காரர் மருந்துப் பம்போடு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"எல்லா ரூமுக்கும் அடிச்சிக்கினு வர்றேன் சார். கதவத் தொறங்க."

பல மாதமாக நான் ஏங்கிய குரல் அது. ஆனால் பூதக்கண்ணாடி என் கையைப் பிடித்துக்கொண்டான். தடிமாடு மாதிரி இருக்கிற ஆள், கண்ணில் தண்ணீர். அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு எப்படித் திறப்பது? போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு கத்தினேன். "உள்ள வராதீங்க! எனக்கு அம்மை போட்டிருக்குது!"

வெளியே பம்பு தரையில் இறங்கியது. "தாயே! ஆத்தாளா வந்திருக்கா?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவரே வேப்பிலை கொண்டுவந்து வாசலில் செருகினார். "தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் உள்ள போவக்கூடாது. தாளிக்கிற வாசனையே வரக்கூடாது" என்று லாட்ஜ் முழுக்க உத்தரவு போட்டார். எனக்குக் காபி போச்சு. கூழும் இளநீரும்தான். வேப்பிலைமேல் நான் கிடக்க, மூட்டைப்பூச்சிகள் வழக்கம்போல விருந்து சாப்பிட்டன.

"உரிச்சிடுச்சா?" என்று கட்டிலுக்கடியில் குனிந்து கேட்பேன்.

"இன்னும் இல்லப்பா. அசையாத படு" என்று பதில் வரும். கடைக்கு லீவு போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

அப்புறம் ஒருநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. மாரெல்லாம் தடிப்பு. கடிதான் என்று நினைத்தேன். பூதக்கண்ணாடி வெளியே ஊர்ந்து வந்து, கேமராவிலிருந்து கண்ணாடியைக் கழற்றி என் மார்மேல் வைத்துப் பார்த்தான்.

"இது கடி இல்லப்பா. நெசமாவே ஆத்தாதான்."

சின்னம்மை. அதற்குமேல் எனக்கு எதுவும் சரியாக ஞாபகமில்லை. கண் விழித்தபோது நல்ல பகல். தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் விசிறிக்கொண்டிருந்தான். கேமரா ஜன்னலில் கிடந்தது.

"படம்?"

தரையைக் காட்டினான். தூசி படிந்த வெறும் தோல் ஒன்று கிடந்தது. "எப்பவோ உரிச்சிக்கினு பூட்ச்சிப்பா."

"நீ பாக்கல?"

"நீ தண்ணி தண்ணின்னு அனத்திக்கினே இருந்த. எங்க பாக்கறது? வுடு, பூச்சி வேற வரும்."

விசிறுகிற கை நிற்கவில்லை. ஒட்டிக்கொள்ளும், தள்ளிப் போடா என்றாலும் போகவில்லை. அந்தப் பாவிமேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று அப்போதே சொல்லியிருப்பேன். என்ன செய்வது, நாக்கெல்லாம் கொப்புளம்.